பிள்ளைப்பேறு நேரத்தில் துணை யார்? பெங்களூர்த் தமிழ்த் தாய்மார்களின் நிலை

பெங்களூரிலிருந்து சுமார் 70 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது தும்கூர். 2022-ம் ஆண்டு நவம்பர் 2-ந்தேதி, அங்குள்ள மாவட்ட அரசு ஆஸ்பத்திரிக்குப் பிரசவ வலியோடு ஒரு பெண் வந்தார். வயது சுமார் 30. தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புக்காக வந்தவர். தும்கூர் பாரதி நகரில் ஒரு சிறு வீட்டில், தன் பெண் குழந்தையோடு தனியாக வசித்து வந்தார். கணவர் துணை இல்லை. வலி கண்டதும், அக்கம்பக்கத்தார் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரியில் 'தாயி கார்டு' கேட்டார்கள். ஆதார் கார்டு கேட்டார்கள். இரண்டுமே அவரிடம் இல்லை. பெங்களூர் வாணி விலாஸ் ஆஸ்பத்திரிக்குப் போகும்படி சொல்லி அவரைத் திருப்பி அனுப்பினார்கள் என்பது அப்போது எழுந்த புகார். பெங்களூருக்குப் போக அவரிடம் பணம் ஏது? வீட்டுக்கே திரும்பினார். மறுநாள் காலை வீட்டிலேயே இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்தன. தாயும் இறந்தார். இரண்டு சிசுக்களும் இறந்தன. மூத்த பெண் குழந்தை மட்டும் அநாதையாக நின்றது.

பணியிலிருந்த டாக்டரும் நர்சுகளும் சஸ்பெண்டு செய்யப்பட்டார்கள். அப்போதைய சுகாதார மந்திரி டாக்டர் சுதாகர் நேரில் வந்து விசாரித்தார். அவசரமாக வருகிறவர்களிடம் எந்தக் கார்டும் கேட்கக் கூடாது, முதலில் சிகிச்சை, மற்றது பிறகு என்று அரசு மீண்டும் உத்தரவிட்டது.

அத்தோடு செய்தி முடிந்தது. நாலு நாள் பத்திரிகையில் வந்தது. பிறகு மறந்து போனோம். ஆனால் மறக்கக் கூடிய விஷயமா இது? வெளியூரிலிருந்து வந்து இங்கே வாடகை வீட்டில் குடியிருக்கும் ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் யோசிக்க வேண்டிய கேள்வி இதில் இருக்கிறது. அந்தப் பெண் இறந்தது கார்டு இல்லாததாலா, துணைக்கு ஆள் இல்லாததாலா?

கார்டு என்பது என்ன?

தாயி கார்டு என்பது கர்நாடக அரசு கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் அட்டை. தமிழ்நாட்டில் பேறுகால அட்டை கொடுக்கிறார்களே, அது மாதிரி. எத்தனை மாதம், இரத்தத்தில் எவ்வளவு சத்து, இரத்த அழுத்தம் எவ்வளவு, டி.டி. ஊசி போட்டார்களா, ஸ்கேனில் என்ன தெரிந்தது என்பதெல்லாம் அதில் குறிக்கப்பட்டிருக்கும். அதோடு 12 இலக்கத்தில் ஓர் ஆர்.சி.எச். எண்ணும் இருக்கும். டாக்டருக்கு அது மிகவும் உதவியானது. வலியோடு வந்து விழுகிற பெண்ணின் முந்தைய எட்டு மாதக் கதையை ஒரே பார்வையில் சொல்லிவிடும்.

ஆகவே கார்டு கெட்டது அல்ல. கார்டு இல்லாதவளைத் திருப்பி அனுப்புவதுதான் கெட்டது. உதவிக்காக ஏற்பட்ட அட்டை, தடுக்கிற கதவாக மாறிவிட்டது.

சரி, நம் பெண்களிடம் கார்டு ஏன் இருப்பதில்லை? காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். கட்டட வேலைக்கு வருகிறவர்கள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. ஆறு மாதம் ஒயிட்பீல்டு, அடுத்த ஆறு மாதம் எலகங்கா. வீட்டு வேலை செய்கிறவர் ஒருநாள் விடுப்புப் போட்டால் ஒருநாள் கூலி போச்சு. ஆஷா ஊழியர் வீடு தேடி வரும் நேரத்தில் இவர் வேலைக்குப் போயிருப்பார். இவர் திரும்பும் நேரத்தில் சுகாதார நிலையம் மூடியிருக்கும். கன்னடம் சரளமாக வராது. அங்கே கேட்கிற கேள்வி புரியாமல் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்.

இன்னொரு காரணம் நம் வழக்கத்திலேயே இருக்கிறது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் ஊருக்குப் போக வேண்டும். "எப்படியும் ஊருக்குத்தானே போகப் போகிறோம், இங்கே எதற்குப் பதிவு?" என்று ஐந்து மாதத்தைத் தள்ளிவிடுகிறார்கள். ஊருக்குப் போனால் அங்கே, "இத்தனை மாதம் எங்கே காட்டினீர்கள், எண் எங்கே?" என்று கேட்கிறார்கள். அம்மா வீடு என்று ஒன்று இல்லாதவர்கள், இரண்டாம் மூன்றாம் பிரசவத்துக்குப் போக வழியில்லாதவர்கள் நிலை இன்னும் மோசம். அவர்களுக்கு இங்கேயும் பதிவில்லை, அங்கேயும் பதிவில்லை.

ரயில்வேயில் டிக்கெட் கவுன்ட்டரில் உட்காரும் எனக்கு இது தினசரிக் காட்சி. சேலத்துக்கோ திருப்பத்தூருக்கோ ரிசர்வேஷன் பாரம் நீட்டும் பெண்ணைப் பார்த்தாலே தெரியும், மாதம் ஏறிவிட்டது என்று. "தனியாகவா போகிறீர்கள் அம்மா? டாக்டர் சான்று இருந்தால் கீழ் பெர்த் கோட்டாவில் போட்டுத் தருகிறேன்" என்று கேட்பேன். தனியே போகும் கர்ப்பிணிக்குக் கீழ் பெர்த் ஒதுக்கீடு உண்டு. "சான்றா? டாக்டரிடமே இன்னும் போகலையே அண்ணா" என்று பதில் வரும். எட்டாம் மாதத்தில் சொல்லுகிற பதில்!

மூன்று தாமதம்

பிரசவத்தில் தாய் இறப்பதற்கு முக்கிய காரணங்கள் எவை என்று மருத்துவ உலகத்துக்கு நெடுநாளாகத் தெரியும். அளவுக்கு மீறிய இரத்தப்போக்கு, இரத்தக் கொதிப்பும் அதனால் வரும் வலிப்பும், கிருமித் தொற்று. இவற்றோடு இரத்தசோகையும் சேர்ந்துகொண்டால் ஆபத்து இரட்டிப்பு. குழந்தை பிறந்த பிறகு வரும் கடுமையான இரத்தப்போக்கு இரண்டு மணி நேரத்தில் உயிரைக் குடித்துவிடும். எல்லாவற்றுக்கும் மருந்து உண்டு. ஆனால் மருந்து இருக்கும் இடத்துக்குப் பெண் நேரத்தோடு போய்ச் சேர வேண்டும்.

1994-ம் ஆண்டு அமெரிக்காவைச் சேர்ந்த தடியஸ், மெய்ன் என்ற இரு பெண் ஆராய்ச்சியாளர்கள் இதை 'மூன்று தாமதம்' என்று பிரித்துச் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று முடிவு செய்வதில் தாமதம் முதலாவது. வண்டி கிடைத்துப் போய்ச் சேருவதில் தாமதம் இரண்டாவது. போய்ச் சேர்ந்த பிறகு சிகிச்சை தொடங்குவதில் தாமதம் மூன்றாவது.

தும்கூர்ச் சம்பவத்தை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். முதல் தாமதம் இல்லை. அக்கம்பக்கத்தார் போகச் சொன்னார்கள். இரண்டாவது தாமதமும் இல்லை. அவர்களே ஆட்டோ பிடித்தார்கள். மூன்றாவது இடத்தில்தான் உயிர் போயிற்று. ஏழை ஜனங்கள் தங்கள் கடமையைச் செய்தார்கள். சம்பளம் வாங்குகிறவர்கள் செய்யவில்லை. இதை முதலில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். "கார்டு இல்லை என்றாலும் சேர்க்க வேண்டும், அதுதான் உத்தரவு" என்று வாசலில் நின்று அழுத்திச் சொல்ல, விஷயம் தெரிந்த ஓர் ஆள் அன்றிரவு அவரோடு இருந்திருந்தால்? ஆறு மாதத்துக்கு முன்பே அந்தப் பெண்ணைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய்ப் பதிவு செய்ய ஒருவர் இருந்திருந்தால்? வயிற்றில் இரட்டைப் பிள்ளை என்பது முன்கூட்டியே தெரிந்திருக்குமே!

நேபாளத்தில் நடந்தது

இது வெறும் ஆதங்கம் அல்ல. கணக்கெடுத்துப் பார்த்த விஷயம்.

நேபாளத்தில் மக்வான்பூர் என்ற மலை மாவட்டம். அங்கே பல கிராமங்களில் மருத்துவ வசதி குறைவு, சாலையும் சரியில்லை. 2001-ம் ஆண்டு தொடங்கி அங்கே ஒரு சோதனை நடத்தினார்கள். ஊருக்கு ஊர் பெண்களைக் குழுவாகச் சேர்த்தார்கள். அந்தப் பகுதியைச் சேர்ந்த ஒரு பெண்ணே மாதம் ஒருமுறை கூட்டம் நடத்துவார். அவர் டாக்டர் அல்ல, நர்சும் அல்ல. படங்களைக் காட்டி, கர்ப்ப காலத்தில் என்னென்ன கஷ்டம் வருகிறது, அதற்கு நம்மால் என்ன செய்ய முடியும் என்று பேச வைப்பார். பெண்களே யோசித்து முடிவெடுத்தார்கள். சில ஊர்களில் அவசரச் செலவுக்கு நிதி சேர்த்தார்கள். சில ஊர்களில் தூக்கிப் போக டோலி செய்து வைத்தார்கள்.

முடிவு 2004-ல் வெளிவந்தது. குழு நடந்த ஊர்களில் பிறந்த ஒரு மாதத்துக்குள் இறக்கும் சிசுக்களின் விகிதம் 30 சதவீதம் குறைவாக இருந்தது. அங்கே சுமார் 2,900 பிரசவங்களில் 2 தாய்மார்கள் இறந்தார்கள். குழு இல்லாத ஊர்களில் சுமார் 3,200 பிரசவங்களில் 11 பேர். எண்ணிக்கை சிறியது, அதை வைத்தே எல்லாம் முடிவு செய்ய முடியாது. ஆனாலும் உலகம் திரும்பிப் பார்த்தது.

அடுத்து நம் நாட்டிலேயே நடந்தது. ஜார்க்கண்டில் சக்ரதர்பூர் என்று ஓர் ஊர். ரயில்வே ஊழியர்களுக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும். அது ஒரு டிவிஷன் தலைமையிடம். அங்கிருந்து வேலை செய்யும் 'ஏக்ஜூட்' என்ற அமைப்பு, ஜார்க்கண்ட், ஒரிசா மாநிலங்களின் ஆதிவாசி கிராமங்களில் 2005 முதல் 2008 வரை இதே முறையைச் செய்து பார்த்தது. பச்சிளம் சிசு மரணம் மூன்று ஆண்டுகளில் 32 சதவீதம் குறைந்தது. பிரசவத்துக்குப் பிறகு பெண்களுக்கு வரும் மனச்சோர்வும் மூன்றாம் ஆண்டில் பாதிக்கு மேல் குறைந்தது.

2013-ல் நேபாளம், இந்தியா, வங்காளதேசம், மலாவி ஆகிய நாடுகளில் நடந்த 7 சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். கர்ப்பிணிகளில் 100-க்கு 30 பேராவது குழுவுக்கு வந்த இடங்களில், தாய் மரணம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. இந்த 100-க்கு 30 என்பதைக் கவனிக்க வேண்டும். பத்துப் பேர் கூடிக் கலைந்தால் பயனில்லை. தெருவில் இருக்கும் கர்ப்பிணிகளில் மூன்றில் ஒருவராவது வந்தால்தான் பலன்.

பம்பாய் சொல்லும் பாடம்

இத்தனையும் கிராமத்துக் கதை. பட்டணத்துக்கு ஒத்துவருமா?

இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பம்பாய்க் குடிசைப் பகுதிகளில் 'சிநேகா' என்ற அமைப்பு 2006 முதல் 2009 வரை இதைச் செய்தது. 48 பகுதிகள்; 24-ல் பெண்கள் குழு நடத்தினார்கள், 24-ல் நடத்தவில்லை. முடிவு 2012-ல் வந்தது. இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை!

இதை மறைக்கக் கூடாது. ஏன் இப்படி ஆயிற்று? கிராமத்தில் ஆஸ்பத்திரியே இல்லாதபோது பெண்கள் கூடிப் பேசியதே பெரிய மாற்றம். பம்பாயில் ஆஸ்பத்திரிகள் இருந்தன. பெரும்பாலான பிரசவம் ஏற்கனவே ஆஸ்பத்திரியில்தான் நடந்தது. அங்கே குறை வேறு: எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது, போனால் எப்படி நடத்துகிறார்கள் என்பது. அதோடு பட்டணத்துப் பெண்ணுக்குக் கூட்டத்துக்கு வர நேரம் ஏது? வீடு மாறிப் போகிறவர்கள் ஒரு குழுவில் எத்தனை மாதம் இருப்பார்கள்? இது என் யூகம்தான். ஆனால் பெங்களூரில் வாடகைக்கு இருக்கிறவர்கள் யாரும் இதை மறுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஆகையால் பெங்களூரில் நமக்கு வேண்டியது கூட்டம் போட்டுப் பேசுவது மட்டும் அல்ல. பட்டணத்தில் தேவை, கூடவே வருகிற ஆள். பதிவு செய்யக் கூட வருபவர். மொழி பெயர்த்துச் சொல்பவர். இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் எழுந்து வருபவர். ஆஸ்பத்திரி வாசலில் பேசத் தெரிந்தவர்.

கூட ஒருவர் இருப்பதன் பலனையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். பல நாடுகளில் நடந்த 26 ஆய்வுகளை, 15,000-க்கும் அதிகமான பெண்களின் விவரங்களை, 2017-ல் தொகுத்தார்கள். பிரசவ வலி நேரத்தில் பக்கத்திலேயே ஆதரவாக ஒருவர் இருந்தால், சுகப்பிரசவம் ஆகும் வாய்ப்பு கூடுகிறது, சிசேரியன் குறைகிறது, வலி நேரமும் கொஞ்சம் குறைகிறது என்று கண்டார்கள். நம் பாட்டிமார்களுக்கு இது தெரியாதா என்ன? தெரியும். ஆனால் ஆஸ்பத்திரிக்காரர்கள் "ஆள் எல்லாம் வெளியே நில்லுங்கள்" என்று விரட்டும்போது காட்டுவதற்கு இந்த ஆதாரம் உதவும். தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் 2004 முதலே பிரசவ அறையில் உறவுக்காரப் பெண் ஒருவரை உடன் இருக்க விடும் ஏற்பாடு வந்துவிட்டது. மத்திய அரசின் 'லக்ஷ்யா' திட்டமும் 2017 முதல் இதைச் சொல்லுகிறது.

ஆஷா ஊழியர் தலையில் எத்தனை சுமை?

"அதற்குத்தான் ஆஷா இருக்கிறாரே" என்று சிலர் கேட்கலாம். இருக்கிறார். 2005-ல் கிராமங்களுக்காகத் தொடங்கிய திட்டம், 2013-க்குப் பிறகு நகரத்துக்கும் வந்தது. நகரத்தில் 1,000 முதல் 2,500 ஜனங்களுக்கு ஓர் ஆஷா என்று கணக்கு. கர்ப்பிணியைக் கண்டுபிடித்துப் பதிவு செய்வது, ஊசிக்கு அழைத்துப் போவது, பிரசவத்துக்குக் கூடப் போவது எல்லாம் அவர் பொறுப்பு. இதோடு காசநோய், கொசு மருந்து, கணக்கெடுப்பு, செல்போனில் பதிவேற்றம் என்று வேலை ஏறிக்கொண்டே போகிறது.

சம்பளம்? அரசு ஊழியர் என்ற அந்தஸ்தே இல்லை. ஊக்கத்தொகை, மதிப்பூதியம் என்றுதான் கொடுக்கிறார்கள். 2022-ல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவின் ஆஷா ஊழியர்களுக்கு விருது கொடுத்துப் பாராட்டியது. 2025 ஜனவரியில் அதே ஆஷா ஊழியர்கள் பெங்களூர் பிரீடம் பார்க்கில் குளிரில் நாலு நாள் உட்கார்ந்து போராடினார்கள். மாதம் 10,000 ரூபாயாவது உறுதியாகக் கிடைக்கும்படி செய்வதாக முதல்-மந்திரி சித்தராமையா வாக்குறுதி கொடுத்த பிறகுதான் எழுந்தார்கள். ஊருக்கே துணையாக இருக்கிறவருக்குத் துணை யாரும் இல்லை என்பதுதான் நிலைமை.

ஆஷா மீது குறை சொல்வது சுலபம். அவரும் நம்மைப் போல் வாடகை கட்டிக்கொண்டு கஷ்டப்படுகிற பெண்தான். அவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம்; நம் பெண்ணுக்குக் கன்னடம் தெரியாமல் இருக்கலாம். நடுவில் ஒருவர் நின்றால் இருவருக்கும் உதவி.

துணை மட்டும் போதுமா?

போதாது. இதையும் சொல்லியாக வேண்டும்.

2024 நவம்பரில் பெல்லாரி அரசு ஆஸ்பத்திரியில் சிசேரியன் செய்துகொண்ட தாய்மார்கள் ஒருவர் பின் ஒருவராக ஐந்து பேர் இறந்தார்கள். அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தவர்கள் அல்ல. கார்டு இல்லாதவர்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. நரம்பில் ஏற்றிய திரவத்தின் மேல் சந்தேகம் எழுந்தது. மாநிலம் முழுவதும் அந்தக் கம்பெனித் திரவம் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு கர்நாடக அரசு, 2024 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை நடந்த 464 தாய் மரணங்களையும் தணிக்கை செய்தது. 100-க்கு 70-க்கும் மேல் தடுத்திருக்கக் கூடியவை என்று சுகாதார மந்திரி தினேஷ் குண்டுராவே தெரிவித்தார்.

தடுத்திருக்கக் கூடியவை! இந்த ஒரு வார்த்தை போதும்.

பக்கத்து வீட்டு அக்கா கூடப் போகலாம். மருந்து பாட்டிலைச் சோதிக்க அவரால் முடியாது. அது அரசாங்கத்தின் வேலை. ஜனங்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்கிறார்கள் என்பதைக் காட்டி அரசு தன் கடமையிலிருந்து நழுவக் கூடாது. இரத்த வங்கி, மயக்க மருந்து டாக்டர், இரவு நேரத்திலும் பெண் டாக்டர், தரமான மருந்து ஆகியவற்றைத் தெருக் குழுவால் கொடுக்க முடியாது. ஆனால் 'ஏன் இல்லை?' என்று தெருக் குழு கேட்கலாம். தனி ஆள் கேட்டால் விரட்டுவார்கள். பத்துப் பெண்கள் சேர்ந்து கேட்டால் உட்காரச் சொல்வார்கள்.

ஒரு லட்சம் குழந்தைகள் பிறந்தால் எத்தனை தாய்மார்கள் இறக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. 2018-20 கணக்கில் இந்தியா 97, கர்நாடகம் 69, தமிழ்நாடு 54, கேரளம் 19. பிறகு வந்த கணக்குகளில் கர்நாடகம் இன்னும் இறங்கியிருக்கிறது. தென் மாநிலங்களில் கடைசியில் நிற்பது கர்நாடகம்தான். பெங்களூரைப் போல் பெரிய ஆஸ்பத்திரிகள் உள்ள ஊர் தெற்கே எத்தனை? ஆனாலும் இந்த நிலை.

நம் தெருவில் என்ன செய்யலாம்?

நகர சுகாதாரத் திட்டத்தில் 'மகிளா ஆரோக்கிய சமிதி' என்று ஒன்று இருக்கிறது. ஏழை மக்கள் வசிக்கும் பகுதிகளில் 50 முதல் 100 வீடுகளுக்கு ஒரு பெண்கள் குழு. செலவுக்கு வருஷத்துக்கு 5,000 ரூபாய். காகிதத்தில் இது பல இடங்களில் இருக்கிறது. உங்கள் தெருவில் இருக்கிறதா என்று ஆஷா ஊழியரிடம் கேளுங்கள். இருந்தால், தமிழ் பேசும் பெண் ஒருவராவது அதில் சேர வேண்டும். இல்லையென்றால், ஏற்படுத்தும்படி மனுக் கொடுங்கள்.

நம்மிடம் ஏற்கனவே குழுக்கள் இல்லாமலா இருக்கின்றன? சீட்டுக் கட்டுகிற பெண்கள் இருக்கிறார்கள். மாரியம்மன் கோவில் கூழ் ஊற்றும் குழு இருக்கிறது. வேளாங்கண்ணி மாதா ஜெபக் கூட்டம் இருக்கிறது. சுய உதவிக் குழு இருக்கிறது. சங்கங்கள், மன்றங்கள் எத்தனையோ இருக்கின்றன. வருஷத்துக்கு ஒரு பொங்கல் விழா, ஒரு பட்டிமன்றத்தோடு நின்றுவிடாமல், தெருவுக்கு இரண்டு பெண்களைப் 'பேறுகாலத் துணை' என்று பொறுப்பாக வைத்தால் என்ன?

நான் குடியிருக்கும் லைனில் ஒரு ஆயாம்மா இருக்கிறார். வீட்டு வேலை செய்பவர். படிப்பு இல்லை, தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் பேசுவார். லைனில் புதிதாக ஒரு பெண் குடிவந்தால் மூன்றாம் நாளே கேட்டுவிடுவார்: "என்னம்மா, நாள் தள்ளிப் போயிருக்கா? வா, வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகலாம்." அவருக்கு எந்த நாளில் எந்த டாக்டர் வருவார் என்று தெரியும். எந்த வாட்சுமேன் நல்லவர் என்றும் தெரியும். என் மனைவியின் இரண்டாவது பிரசவத்தின்போது நான் இரவு டூட்டியில் இருந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, ஆயாம்மா வராந்தாவில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "போ தம்பி, போய்ப் பிள்ளையைப் பாரு. பொம்பளப் பிள்ளை" என்றார். அவருக்கு யாரும் விருது கொடுக்கவில்லை. ஒரு சேலை எடுத்துக் கொடுத்தோம். அதையும் வேண்டாம் என்றுதான் சொன்னார்.

ஒவ்வொரு லைனிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவரிடம் கொஞ்சம் விவரமும், ஆட்டோவுக்குக் கொஞ்சம் பணமும் கொடுத்தால் போதும். அதுதான் மக்வான்பூரில் செய்தது.

தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்

நாள் தள்ளிப் போனதும், மூன்று மாதத்துக்குள், வீட்டுக்கு அருகில் உள்ள நகர ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள். ஊருக்குப் போவதாக இருந்தாலும் சரி, இங்கே பதிவு செய்யுங்கள். ஆர்.சி.எச். எண்ணைத் தனியாகவும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஊரில் உள்ள கிராம சுகாதார நர்சிடம் அதைக் காட்டினால் தொடர்ந்து கவனிக்க உதவியாக இருக்கும்.

ஆதார் இல்லை, ரேஷன் கார்டு இல்லை என்பதற்காகப் பிரசவ வலியோடு வருபவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. இதைத் தெருவில் எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.

2011 ஜூன் 1 முதல் நடக்கும் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி, அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, இரத்தம், சாப்பாடு எல்லாம் இலவசம். வீட்டிலிருந்து வர, பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்ற, வீடு திரும்ப வண்டியும் இலவசம். தும்கூரில் அந்தப் பெண்ணைப் பெங்களூருக்கு அனுப்ப நினைத்திருந்தால், ஆஸ்பத்திரியே வண்டி கொடுத்திருக்க வேண்டும்! அவசரத்துக்கு 108-க்குப் போன் செய்யுங்கள்.

பிரதமர் மாத்ரு வந்தனா திட்டத்தில், தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதல் குழந்தைக்கு 5,000 ரூபாயும், இரண்டாவது பெண் குழந்தையானால் 6,000 ரூபாயும் உண்டு. அங்கன்வாடியில் கேளுங்கள்.

கார்மெண்ட்ஸ் பெண்களுக்கு 2017 முதல் 26 வாரம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு உண்டு. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்த பிறகும் அந்த 26 வாரம் அப்படியே இருக்கிறது. வீட்டு வேலை செய்பவர்களுக்கு இந்த விடுப்பு எட்டாக்கனிதான்.

இன்னொரு விஷயம். 2025 செப்டம்பரில் பெங்களூர் மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்து, மேலே கிரேட்டர் பெங்களூர் ஆணையம் என்று வந்துவிட்டது. உங்கள் பகுதி எந்த மாநகராட்சியில் இருக்கிறது, மகப்பேறு ஆஸ்பத்திரி எது என்று இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். வலி கண்ட பிறகு விசாரிக்க முடியாது.

தலைவலி விடாமல் இருந்தால், கண் மங்கினால், கை கால் முகம் வீங்கினால், இரத்தம் பட்டால், பிள்ளை அசைவு குறைந்தால், மாமியார் என்ன சொன்னாலும், கணவர் வேலையிலிருந்து வரட்டும் என்று சொன்னாலும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை

இது பெண்கள் சமாசாரம் என்று இந்தப் பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். தும்கூர்ப் பாரதி நகரில் அன்று ஆட்டோவுக்குக் காசு போட்டவர்களும் அன்றாடம் கூலிக்குப் போகிறவர்கள்தான். அவர்கள் கொடுத்தது பத்தோ ஐம்பதோ இருக்கும். பெரிய கட்டடத்தால் செய்ய முடியாததை அந்தக் காசு பாதி வழிவரை செய்தது. மீதி வழியை அரசாங்கம் நடந்திருக்க வேண்டும், நடக்கவில்லை.

நம் பக்கத்து வீட்டில் இப்போது யாராவது மாதமாக இருக்கிறார்களா? இருந்தால், அவரிடம் கார்டு இருக்கிறதா? இன்று மாலை வேலை முடிந்து வீடு திரும்பியதும், உங்கள் வீட்டுப் பெண்களை அனுப்பி விசாரிக்கச் சொல்லுங்கள். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.